பனி கொட்டினால் ஆறு நிறையுமா?

போன இதழில் கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழக நீரியலாளர் ஜான் பொமராய் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தேன். குளிர்ப் பிரதேசங்களில் தண்ணீர் என்ன ஆகிறது, வெப்பம் ஏற ஏற அது எப்படி மாறுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அந்த அரைப்பக்கத்துக்கு இத்தனை கடிதம் வரும் என்று ஆசிரியரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஆகவே இந்த மாதம் முழுக்கப் பனிதான். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் விஞ்ஞானி கிடையாது. பாளையங்கோட்டையில் மின்னணுவியல் டிப்ளமோ படித்து, கல்யாணமாகிக் கனடா வந்து, ராக்கி மலைப் பக்கம் வானிலை நிலையங்களைப் பராமரிக்கிற வேலையில் இருப்பவள். அறுந்த கம்பியை ஒட்டுவது, பேட்டரி மாற்றுவது, பனியை எடைபோடுவது எல்லாம் என் பாடு. ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிப்பது ராத்திரி வேலை.

கே: பனி விழும், வெயில் வந்தால் உருகும், ஆற்றில் ஓடும். இதை ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க ஆராய என்ன இருக்கிறது அக்கா?
(பள்ளி ஆசிரியை, மன்னார்குடி)

ப: இரண்டாவது படியிலேயே கணக்கு உதைக்கிறது டீச்சர். விழுந்த பனியெல்லாம் உருகுவதில்லை. உருகாமலே காணாமல் போகிற பனி ஏராளம்.

கனடாவின் பிரெய்ரி சமவெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான், காற்றைத் தடுக்க ஒன்றும் இல்லை. உலர்ந்த புதுப்பனி கிடக்கும்போது மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் போதும், பனி கிளம்பிவிடும். முதலில் தரையை ஒட்டித் தத்தித் தத்திப் போகும். காற்று வலுத்தால் ஆள் உயரத்தைத் தாண்டி மிதக்கும். எதிரே வருகிற வண்டி தெரியாது. அப்படி மிதக்கிற ஒவ்வொரு துகளையும் சுற்றி வறண்ட காற்று. தட்டில் வைத்த கற்பூரம் கரைவதுபோல அது நேராக ஆவியாகிவிடும். நீங்கள் வகுப்பில் நடத்துகிற பதங்கமாதல் இதுதான். மைனஸ் 20 டிகிரியிலும் நடக்கும்.

பொமராய் 1988-இல் முனைவர் பட்டம் வாங்கியது இந்தப் பறக்கும் பனியை அளந்துதான். அவரும் அவருடைய ஆசிரியர் டான் கிரேயும் போட்ட கணக்கின்படி, இடத்தைப் பொறுத்து, ஒரு குளிர்காலத்தில் விழுந்த பனியில் 15 முதல் 40 சதவீதம் வரை இந்த வழியில் போய்விடுகிறது. ஆற்றுக்கும் இல்லை, மண்ணுக்கும் இல்லை. மழையும் பனியும் அளக்கும் மானியில் பிடித்த பனியை வைத்து, வசந்தத்தில் இவ்வளவு தண்ணீர் ஓடும் என்று சொன்னவர்களின் கணக்கு ஏன் இடித்தது என்று அப்புறம்தான் விளங்கியது.

அந்த மானியும் லேசுப்பட்டதில்லை. மழை நேராக விழும், மானிக்குள் போகும். பனி படுக்கைவாட்டில் வரும், மானியின் வாய்க்கு மேலாகவே பறந்து போய்விடும். காற்று பலமான நாளில் பாதிகூடப் பிடிபடாது. மிச்சப் பனியாவது விழுந்த இடத்தில் கிடக்குமா என்றால் அதுவும் இல்லை. வயலில் விழுந்தது வாய்க்காலில், வேலியோரத்தில், புதரடியில் போய்க் குவியும். மேட்டில் மண் தெரியும், பத்தடி தள்ளிப் பள்ளத்தில் இடுப்பளவு இருக்கும். ஆக, எவ்வளவு விழுந்தது, விழுந்தது எங்கே போனது, உருகியது மண்ணுக்குள் இறங்கியதா மேலாக ஓடியதா என்று மூன்று கேள்விகள். மூன்றுமே கஷ்டமானவை. ஒரு வாழ்நாள் தாராளமாகப் பிடிக்கும்.

கே: பனியை எடைபோடுவதாக எழுதியிருந்தீர்கள். தராசிலா?
(மளிகைக்கடைக்காரர், விருதுநகர்)

ப: தராசிலேதான் அண்ணாச்சி. சுருள்வில் தராசு.

ஒரு உலோகக் குழாய், நுனியில் ரம்பம் போலப் பல். பனிமேல் நேராக நிறுத்தி, இரண்டு கையாலும் திருகிக்கொண்டே அழுத்த வேண்டும். நடுவில் ஐஸ் அடுக்கு இருந்தால் 'கறக்' என்று சத்தம் வரும், கைக்கும் தெரியும். தரை தட்டியதும் இன்னும் ஒரு திருகு. குழாயின் அடியில் கொஞ்சம் மண்ணோ காய்ந்த புல்லோ ஒட்டியிருந்தால்தான் அடிவரை போனோம் என்று அர்த்தம். அந்த மண்ணைக் கத்தியால் சுரண்டிப் போட்டுவிட்டு, குழாயைத் தராசில் மாட்டி எடை பார்த்து, வெறும் குழாயின் எடையைக் கழிப்பேன்.

சமவெளியில் பயன்படுத்தும் குழாயின் வாய்ப் பரப்பு 30 சதுர சென்டிமீட்டர். உள்ளே இருக்கும் பனி 240 கிராம் என்றால், வகுத்துப் பாருங்கள், 8 சென்டிமீட்டர் தண்ணீர். அதாவது அந்த இடத்துப் பனி மொத்தமும் ஒரே நேரத்தில் உருகினால் 80 மில்லிமீட்டர் மழை பெய்ததற்குச் சமம். ஆழத்தை மட்டும் அளந்தால் ஏமாந்து போவோம். புதுப்பனி பத்து சென்டிமீட்டர் கிடந்தால் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் தேறும். அதே பத்து சென்டிமீட்டர் மார்ச் மாதத்துப் பழம்பனி என்றால் மூன்று சென்டிமீட்டர்கூடத் தேறும்.

வில்லங்கம் குளிர்காலத்தின் கடைசியில் வரும். மண்ணையொட்டிய பனி இறுக்கம் விட்டுப் பெரிய பெரிய மணிகளாகிவிடும். குழாயைத் தூக்கினால் பொலபொலவென்று கீழே கொட்டிவிடும், மறுபடி குத்த வேண்டும். ஒரே இடத்தில் குத்திவிட்டு வந்தாலும் பிரயோசனம் இல்லை. ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு வருடமும் அதே கோட்டில், அதே புள்ளிகளில் அளக்க வேண்டும். குளிரிலும் உறையாத திரவம் நிரப்பிய பெரிய மெத்தையைத் தரையில் விரித்து, மேலே ஏறும் பனியின் எடையை அழுத்தமாகப் பதிவதும் உண்டு. இப்போது டிரோன் பறக்கவிட்டு ஆழத்தை வரைபடமாகவே எடுத்துவிடுகிறார்கள். ஆனாலும் டிரோன் சொல்வது சரிதானா என்று பார்க்கக் கடைசியில் யாராவது குழாயோடு போய்த்தான் ஆக வேண்டும்.

கே: மரம் வளர்த்தால் நீர் பெருகும் என்பார்கள். அங்கே காடு இருந்தால் பனித்தண்ணீரும் கூடும்தானே?
(வாசகி, கொடைக்கானல்)

ப: அவசரப்படாதீர்கள். ஊசியிலைக் காட்டில் விழுகிற பனியில் பெரும்பங்கு தரைக்கு வருவதற்கு முன் கிளையில் தங்கிவிடும். தங்கியது வெயிலும் காற்றும் பட்டு அங்கேயே ஆவியாகும். எவ்வளவு என்று தெரிய வேண்டுமே! 1990-களில் சஸ்காட்செவனின் வடகாட்டில், பிரின்ஸ் ஆல்பர்ட் பக்கம், பொமராய் குழு செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் ஒன்றை முழுசாக அடியோடு வெட்டி, காட்டு மரங்களுக்கு நடுவே எடைக் கருவியில் தொங்கவிட்டார்கள். பனி விழ விழ மரத்தின் எடை ஏறும், பனி ஆவியாக ஆவியாக இறங்கும். மணிக்கு மணி பதிவாகிவிடும். என்னைப் போலக் கம்பி வேலை செய்கிற ஆளுக்கு இதைவிட அழகான சோதனை கிடையாது. அடர்ந்த காட்டில் வருடப் பனியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இப்படிப் போய்விடுகிறது என்று தெரிந்தது.

உடனே "அப்ப மரத்தை வெட்டலாமா" என்று கேட்காதீர்கள். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆல்பர்ட்டாவில் கனனாஸ்கிஸ் பள்ளத்தாக்கில் மார்மட் ஓடை என்று ஒன்று இருக்கிறது. 1970-களில் அதன் கிளையோடை ஒன்றில் காட்டைப் பெரிய பெரிய துண்டங்களாக வெட்டினார்கள், இன்னொன்றில் சின்னச் சின்ன இடைவெளிகளாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் பனி கூடத்தான் செய்தது. ஆனால் நிழல் போய்விட்டதல்லவா, திறந்த இடத்தில் உருகுவதும் வேகமாகிவிடும். பனியை மெதுவாக விடுகிற வேலையைக் காடு செய்கிறது. கூடுதல் தண்ணீர் ஏப்ரலில் மொத்தமாக வருவது நல்லதா, கொஞ்சம் குறைவாகவே ஜூலை வரை வருவது நல்லதா? விவசாயியைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்.

கே: நீங்கள் புகழும் பொமராயே, மார்மட் ஓடையில் ஐம்பது வருடத்தில் நீரோட்டம் மாறவில்லை என்று எழுதியிருக்கிறார். அப்புறம் என்ன காலநிலை மாற்றம், கத்தரிக்காய்?
(பெயர் வேண்டாம் என்றவர், கோவை)

ப: கட்டுரையைத் தேடிப் படித்ததற்கு முதலில் ஒரு கும்பிடு. முழுக்கப் படித்திருக்கலாம்.

அது பிலிப் ஹார்டர், பொமராய், ஷெரி வெஸ்ட்புரூக் மூவரும் 2015-இல் வெளியிட்டது. மார்மட் ஓடை பத்து சதுர கிலோமீட்டர்கூட இல்லாத சின்னப் படுகை. 1962-இலிருந்து அளக்கிறார்கள். 1980-களின் நடுவில் ஆராய்ச்சி படுத்துவிட்டது. 2000-களில் பொமராய் வந்து மறுபடி கருவிகளை நட்டார். அந்த நீண்ட பதிவு என்ன சொல்கிறது? வெப்பம் ஏறியிருக்கிறது, அதிலும் குளிர்கால இரவுகள் நன்றாகவே சூடாகியிருக்கின்றன. மலையின் கீழ்ச்சரிவுகளில் பனியின் அளவு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. இத்தனைக்கும் நடுவில் ஓடையின் மொத்த நீரில் மாற்றம் தெரியவில்லை. நீங்கள் கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

எனக்கு அந்தக் கடைசி வரிதான் ஆச்சரியம். கீழே குறைந்த பனியை மேலே உள்ள குளிர்ந்த உயரங்களும், காடும், மண்ணும், நிலத்தடி நீரும் சேர்ந்து ஈடுகட்டியிருக்கின்றன. ஒரு படுகைக்கு அப்படித் தாங்கும் சக்தி உண்டு என்று கண்டுபிடித்தால், அது எதுவரை தாங்கும் என்பதுதான் அடுத்த கேள்வி. மேலேயும் சூடாகி, பனியாக விழ வேண்டியது மழையாக விழத் தொடங்கினால் ஈடுகட்ட ஆள் இருக்காது. கணினி மாதிரிகள் அந்தத் திசையைத்தான் காட்டுகின்றன: பனிக்காலம் சுருங்கும், உருகல் முந்தும்.

இன்னொன்று. தன் கருத்துக்கு இடைஞ்சலான முடிவு வந்தபோதும் அதை அப்படியே அச்சில் போட்டார்கள் பாருங்கள், அதனாலேயே இவர்கள் சொல்லும் மற்றவற்றை நான் நம்புகிறேன். கத்தரிக்காய் விலை பற்றி வேறு பக்கத்தில் எழுதுவார்கள், அங்கே கேளுங்கள்.

கே: போன கோடையில் குடும்பத்தோடு ராக்கி மலைக்குப் போய்ப் பனியாறு பார்த்தோம். பழைய எல்லையைக் காட்டும் பலகைகள் தூரத்தில் நிற்கின்றன. பனியாறு போனால் ஆறுகளும் போய்விடும் என்று மகள் அழுகிறாள். என்ன சொல்வது?
(வாசகி, ஸ்கார்பரோ)

ப: குழந்தைக்குப் பாதி சமாதானம் சொல்லலாம் அக்கா. மீதிப் பாதிக்குப் பெரியவர்கள் கவலைப்பட வேண்டும்.

பனியாறு என்றால் பல வருடப் பனி இறுகி ஐஸாகி, மலையில் மெல்ல நகர்வது. பான்ஃப் வழியாகக் கல்கரிக்குப் போகும் 'போ' (Bow) ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1951 முதல் 1993 வரை பான்ஃபில் ஓடிய நீரைக் கணக்குப் பார்த்ததில், பனியாறுகள் இளைத்ததால் வந்த தண்ணீர் வருடச் சராசரியில் 2 சதவீதம்கூட இல்லை. ஆற்றை நடத்துவது வருடாவருடம் புதிதாக விழுந்து உருகும் பனிதான். இதைச் சொன்னால் இங்கே உள்ளவர்களே நம்புவதில்லை. பளபளவென்று கண்ணுக்குத் தெரிவது பனியாறு, அதனால் பேரும் அதற்கே போகிறது.

ஆனால் சராசரியை மட்டும் பார்க்கக் கூடாது. 1970 கடும் வறட்சி. அந்த ஆகஸ்ட் மாதம் பான்ஃபில் ஓடிய நீரில் பாதிக்கு மேல் பனியாறு கொடுத்தது. பனியெல்லாம் உருகி முடிந்து, மழையும் இல்லாமல், மீன் மூச்சு விடத் தண்ணீர் வேண்டிய நேரத்தில் பனியாறு கைகொடுக்கிறது. அது போனால் நல்ல வருடத்தில் தெரியாது. கெட்ட வருடத்தின் கடைக்கோடையில் தெரியும்.

போவது உறுதிதானா என்று கேட்டால், பீட்டோ பனியாற்றைப் பார்த்தால் சந்தேகம் போய்விடும். 1960-களின் நடுவிலிருந்து தொடர்ந்து அளக்கப்படும் பனியாறு அது. அதன் தண்ணீர் மிஸ்தாயா ஆறு வழியாக வட சஸ்காட்செவன் ஆற்றில் சேர்ந்து எட்மன்டன் வரை போகிறது. அரை நூற்றாண்டில் தன் நிறையில் ஏறக்குறைய 70 சதவீதத்தை இழந்துவிட்டது. எவ்வளவு உருகுகிறது என்று பார்க்க, நீராவியால் துளைபோட்டு ஐஸுக்குள் ஆழமாகக் கம்பு இறக்குவார்கள். இறக்கும்போது கம்பின் தலை மட்டும் வெளியே இருக்கும். கோடை முடிந்து போனால் கம்பு நம்மைவிட உயரமாக நிற்கும், இல்லை முழுசாக வெளியே வந்து விழுந்து கிடக்கும். வானிலைக் கருவிகளுக்கும் இதே கதிதான். ஐஸ்மேல் மூன்று கால் ஊன்றி நேராக நிறுத்திவிட்டு வருவோம், அடுத்த முறை போனால் ஒரு கால் குழிக்குள், சூரியத் தகடு வானத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பனியாற்றின் வாயில் முன்பு ஐஸ் இருந்த இடத்தில் இப்போது புதிதாக ஓர் ஏரி.

மகளிடம் ஆறு ஓடும் என்று சொல்லுங்கள். எந்த மாதத்தில் எவ்வளவு ஓடும் என்பது மாறும். அவள் பெரியவளாகி அதை அளக்க வரலாம்.

கே: அப்படியானால் கங்கை வற்றாது?
(ஓய்வுபெற்ற அஞ்சலக அலுவலர், ஸ்ரீரங்கம்)

ப: கங்கைச் சமவெளிக்குப் பருவமழைதான் பெரும்பங்கு கொடுக்கிறது ஐயா, பனியாறு போனதாலேயே அது வற்றிவிடாது. பனியையும் ஐஸையும் அதிகம் நம்பியிருப்பது சிந்து நதி. இமயமலை என்று ஒரே சொல்லில் சொன்னாலும் கிழக்கும் மேற்கும் ஒரே மலையாக நடந்துகொள்வதில்லை.

கே: காட்டுத்தீப் புகைக்கும் பனியாற்றுக்கும் சம்பந்தம் உண்டா?
(கல்லூரி மாணவர், சேலம்)

ப: உண்டு, இரண்டு விதமாக. கரி வந்து ஐஸ்மேல் படிந்தால் ஐஸ் கறுத்து, வெயிலைத் திருப்பி அனுப்பாமல் குடித்து வேகமாக உருகும். அதே நேரம் வானத்தில் தொங்கும் புகை வெயிலை மறைத்து உருகலைக் குறைக்கும். அதபாஸ்கா பனியாற்றில் பொமராய் குழு இந்த இரண்டையும் பிரித்துக் கணக்குப் போட்டது. புகை ஒரு வாரத்தில் கலைந்துவிடும். கரி அடுத்த கோடையிலும் அங்கேயே இருக்கும். தொட்டால் விரலில் மை மாதிரி ஒட்டும்.

கே: 2013 கல்கரி வெள்ளத்தில் எங்கள் வீட்டு நிலவறை மூழ்கியது. அதற்குக் காரணம் காலநிலை மாற்றம் என்று எழுதிக் கொடுப்பீர்களா?
(வாசகர், கல்கரி)

ப: காப்பீட்டுக்காரருக்குக் காட்டவா? மாட்டேன் அண்ணா. ஒரே ஒரு வெள்ளத்தைப் பிடித்து, இதற்கு இதுதான் காரணம் என்று கையெழுத்துப் போட எனக்குத் தகுதியும் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். 2013 ஜூன் மூன்றாம் வாரம் மலைச்சரிவுகளில் இரண்டு மூன்று நாளில் 200 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னையில் இருப்பவர் இதைக் கேட்டு "இவ்வளவுதானா" என்பார். கீழே என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். உச்சிகளில் அந்த வருடப் பனி இன்னும் உருகி முடியவில்லை. பனிமேல் மழை விழுந்தால் மழைத்தண்ணீரோடு பனித்தண்ணீரும் சேர்ந்து இறங்கும். மண்ணோ ஏற்கெனவே ஈரம், சில இடங்களில் உறைந்தும் கிடந்தது, உள்ளே விடாது. சரிவு செங்குத்து. கான்மோர் ஊரில் கூகர் ஓடை கரையைத் தின்றுகொண்டே வந்து வீடுகளை அந்தரத்தில் விட்டது. தெற்கு ஆல்பர்ட்டாவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். மார்மட் ஓடையின் கருவிகளையும் வெள்ளம் விட்டுவைக்கவில்லை.

இனி கவலைப்பட வேண்டியது அணைக்காரர்கள். தென் சஸ்காட்செவன் ஆற்றில் 1967-இல் திறந்த கார்டினர் அணைக்குப் பின்னால் டீஃபன்பேக்கர் ஏரி இருக்கிறது. கொள்ளளவு 9.4 பில்லியன் கன மீட்டர், நம் ஊர்க் கணக்கில் 330 டி.எம்.சி.க்கு மேல், மேட்டூர் மூன்றரை. மலைப்பனிதான் அதற்குப் பெரும் வரவு. மேலே இவ்வளவு பனி இருக்கிறது, மே கடைசியில் இவ்வளவு வரும் என்று தெரிந்தால் அதற்கேற்ப இடம் ஒதுக்கி வைக்கலாம். பனிக்குப் பதில் மழை, மே மாதத்துக்குப் பதில் ஏப்ரல் என்று வரவு தாறுமாறாகிவிட்டால், வெள்ளத்துக்கு இடம் விடுவதா, வறட்சிக்கு நிரப்பி வைப்பதா? இரண்டையும் ஒரே ஏரியில் செய்ய முடியாது. இந்தக் குழப்பத்துக்கு முன்கூட்டியே பதில் சொல்லத்தான் பொமராய் தலைமையில் 2016-இல் 'குளோபல் வாட்டர் ஃபியூச்சர்ஸ்' என்ற பெரிய ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. மத்திய அரசு மட்டும் அதற்கு 7.7 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. அந்தத் திட்டத்தின் பணம் முடிந்துவிட்டது. அளக்கிற நிலையங்களுக்கு அடுத்த பணம் எங்கே என்று தேடுவது, இந்தத் தொழிலில் பனி மாதிரியே வருடாவருடம் வருவது.

கே: எல்லாம் சரி மேடம், உங்கள் ஊர்ப் பனியால் மதுரையில் இருக்கிற எனக்கு என்ன?
(குடும்பத்தலைவி, மதுரை)

ப: உங்கள் அடுக்களையில் மைசூர் பருப்பு இருக்கிறதா? மூட்டையாக வாங்கினால் மேலே எங்கே விளைந்தது என்று பாருங்கள். கனடாவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கனடாவின் மைசூர் பருப்பில் பத்தில் ஒன்பது பங்கு சஸ்காட்செவனில்தான் விளைகிறது. இந்தியா அதன் பெரிய வாடிக்கையாளர். யாழ்ப்பாணத்துப் பருப்புக் கறிக்கும் அங்கிருந்து போகிறது.

அது பெரும்பாலும் பாசனம் இல்லாத மானாவாரிப் பயிர். வருடம் முழுக்கச் சேர்த்தாலே 350 மில்லிமீட்டர் மழையும் பனியுமாகக் கிடைக்கும் பூமி. மே மாதம் விதைக்கும்போது மண்ணில் இருக்கும் ஈரம், வயலில் தங்கி உருகிய பனி கொடுத்தது. முதல் கேள்வியில் சொன்னேனே, பறக்கும் பனி, அதைப் பறக்கவிடாமல் பிடித்தால் விளைச்சல். எப்படிப் பிடிப்பது? கோதுமையை அறுக்கும்போது தாளை ஒட்ட வெட்டாமல் உயரமாக விட வேண்டும். நிற்கும் தாள் காற்றின் வேகத்தைத் தரையளவில் குறைத்துவிடும், பனி அதற்குள் தங்கிவிடும். எவ்வளவு உயரத் தாள் எவ்வளவு பனியைப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்ததும் பொமராய், கிரே கூட்டணிதான். பனியாராய்ச்சியில் ஒரு குடியானவர் மறுநாளே பயன்படுத்தக்கூடிய விஷயம் இதுபோல் அதிகம் கிடையாது.

பிடித்த பனி மண்ணுக்குள் போகுமா என்பது முந்தின இலையுதிர் காலத்தைப் பொறுத்தது. மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போதே உறைந்துவிட்டால், துவாரமெல்லாம் ஐஸ் அடைத்து சிமெண்டுத் தரையாகிவிடும், உருகிய நீர் மேலாகவே ஓடிவிடும். காய்ந்து உறைந்த மண் என்றால் குடிக்கும். வெடித்த கரிசல் என்றால் வெடிப்பு வழியாக மொத்தமும் உள்ளே போய்விடும். குளிர்காலத்தில் பத்து நாள் சூடாகி, மழை பெய்து, மறுபடி உறைகிற கூத்து இப்போது அடிக்கடி நடக்கிறது. அதற்குப்பின் மண்மேல் கண்ணாடி மாதிரி ஐஸ் படிந்துவிடும். வண்டியும் வழுக்கும், தண்ணீரும் இறங்காது.

2021-இல் பிரெய்ரி முழுக்க வறட்சி. அந்த வருடம் கனடாவின் மைசூர் பருப்பு விளைச்சல் முந்தின வருடத்தைவிட 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. உங்கள் கடைக்காரர் விலை ஏற்றியிருந்தால் காரணம் அவர் மட்டும் இல்லை.

கே: மைனஸ் 40-இல் அழுதால் கண்ணீர் உறையுமா?
(ஆறாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்)

ப: அழ வேண்டாம், மூச்சு விட்டாலே போதும். மூச்சின் ஈரம் இமையில் பட்டு மேல் இமையும் கீழ் இமையும் ஒட்டிக்கொள்ளும். கையுறையைக் கழற்றி, உள்ளங்கையால் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் வைத்தால் விட்டுவிடும். அதற்குள் கை விறைத்துவிடும்.

கே: சிவில் முடித்திருக்கிறேன். இந்தத் துறையில் மேற்படிப்பு படிக்க ஆசை. பனியே பார்த்ததில்லை. தகுதி உண்டா அக்கா?
(பட்டதாரி, திருநெல்வேலி)

ப: வா தம்பி, நம்ம ஊர். நானும் இருபத்து நாலு வயது வரை பனியை ஐஸ் பெட்டியில்தான் பார்த்தேன்.

பனி பார்த்திருக்க வேண்டியதில்லை. வெப்பம் எங்கிருந்து எங்கே போகிறது என்ற இயற்பியல் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், அங்கேதான் முக்கால்வாசிப் பேர் தடுமாறுகிறார்கள். நிரல் எழுதத் தெரிய வேண்டும். பொமராய் குழு 2007-இல் வெளியிட்ட குளிர்ப் பிரதேச நீரியல் கணினி மாதிரியை ராக்கி மலையில் மட்டும் இல்லாமல் பிரனீஸ், ஆல்ப்ஸ், திபெத் என்று பல இடங்களில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். அதை இறக்கி ஓட்டிப் பழகு, விண்ணப்பத்தில் எழுத ஒரு விஷயம் ஆச்சு. 2025-ஐ ஐ.நா. சபை பனியாறுகளுக்கான ஆண்டாக அறிவித்தது, மார்ச் 21 பனியாறுகள் தினம். அதற்கான ஆலோசனைக் குழுவின் இணைத்தலைவர்களில் பொமராயும் ஒருவராக இருந்தார். அதனால் இந்தத் துறைப் பக்கம் இப்போது கொஞ்சம் வெளிச்சம் விழுந்திருக்கிறது. மேடைப் பேச்சைப் பார்த்து மயங்காதே, வேலை முழுக்க மலையில்தான்.

மலை வேலை என்றால் பனிச்சறுக்குப் பலகையில் நடக்கப் பழகு, பனிச்சரிவுப் பாதுகாப்புப் பயிற்சி எடு, முதுகில் பேட்டரியைச் சுமந்துகொண்டு ஏறு. இதெல்லாம் வந்தபிறகு இங்கேயே சொல்லிக் கொடுப்பார்கள். முள்ளம்பன்றி ஒயரைக் கடித்துவிட்டுப் போயிருக்கும், கரடி கம்பத்தில் முதுகு சொறிந்து சாய்த்திருக்கும். குளிரில் நின்று அதைச் சரிசெய்யும்போது எரிச்சல் படாத ஆள்தான் இங்கே தாக்குப்பிடிப்பான். உனக்கு எரிச்சல் வருமா என்பது எனக்குத் தெரியாது, உன் அம்மாவுக்குத் தெரியும்.

ஒரு விஷயம் முக்கியம். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால், யாரிடம் படிக்க விரும்புகிறாயோ அந்தப் பேராசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுது. அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, புரியாத இடத்தைக் கேட்டு எழுது. கனடாவில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடமும் உதவித்தொகையும் பெரும்பாலும் அவர் கையில்தான் இருக்கிறது. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை எழுது. பிப்ரவரியிலிருந்து மே வரை மட்டும் எழுதாதே, எல்லோரும் பனி அளக்கப் போயிருப்பார்கள்.